காளி தூக்காத கால்
உக்கிரமும் நாணமும் பற்றிச் சில குறிப்புகள்

இசக்கி, நீலி, பேச்சி, உச்சினிமாகாளி என்று நம் பக்கத்துப் பெண்தெய்வங்களைப் பற்றிப் பேச இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. பெண்ணியம், தலித் அரசியல், நாட்டார் வழக்காற்றியல் மூன்றும் 1990களில் நம் சிறுபத்திரிகைப் பக்கங்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்து இறங்கின. கூடவே ஒரு வாய்பாடும் வந்தது. கல்யாணம் முடித்துக் கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் அம்பாள் அடக்கப்பட்ட பெண். ஊருக்கு வெளியே ஒற்றையாய் நிற்கும் அம்மன் அடங்காத பெண். முதலாமவள் வைதிகத்தின் பிரதி, இரண்டாமவள் எதிர்ப்பின் பிரதி. இந்த வாய்பாட்டை வைத்துக்கொண்டு நானும் கட்டுரை எழுதியிருக்கிறேன், கருத்தரங்குகளில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அதில் பாதிக்குமேல் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தைக் கிளப்பியது எந்தக் கோட்பாட்டாளரும் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அத்தை.

போன சாரலுக்கு அத்தையைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அருவியில் கூட்டம் தாங்கவில்லை. திரும்பும் வழியில் தென்காசிக் கோயிலுக்குள் நுழைந்தோம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசிவிசுவநாதர் கோயில். பழைய கோபுரம் பாழாகி நெடுங்காலம் மொட்டையாகக் கிடந்து, 1990இல்தான் ஒன்பது நிலையோடு மறுபடி எழும்பியது. அந்த வாசலில் காற்று ஆளைத் தள்ளும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். காற்றைத் தாண்டி உள்ளே போனால் மண்டபத் தூண்களில் ஆளை மிஞ்சிய சிலைகள். வீரபத்திரர், மன்மதன், ரதி, தாண்டவமாடும் சிவன், காளி.

அத்தை காளி முன்னால் நின்றுவிட்டாள். நான் என் படிப்பைக் காட்டிக்கொள்ளக் கதை சொன்னேன். திருவாலங்காட்டில் சிவனுக்கும் காளிக்கும் ஆட்டப் போட்டி. அவன் ஆடியதையெல்லாம் இவளும் ஆடினாள். காதுக் குழை கீழே விழுந்ததும் அவன் அதைக் கால்விரலால் எடுத்து, காலைத் தலைக்குமேல் தூக்கிக் காதில் மாட்டினான். சபையில் பெண்பிள்ளை அப்படிக் காலைத் தூக்கமுடியுமா? இவள் வெட்கப்பட்டு நின்றாள், தோற்றாள்.

அத்தை சிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, தோத்துப் போனவளுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய செல?"

பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதிலும் அல்ல. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கெல்லாம் இடறுகிறது என்ற குறிப்புகள் மட்டுமே.

*

உக்கிரமான பெண்தெய்வத்தை என்ன செய்வது என்பது இந்து இறையியலுக்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துச் சங்கடம். ஒருபக்கம் அவள்தான் சக்தி, அவளில்லாமல் சிவன் அசையமாட்டான் என்று சொல்லியாகிவிட்டது. மறுபக்கம் அவளைச் சும்மா விட்டுவைக்கவும் முடியவில்லை.

தேவி மாகாத்மியம் இந்தச் சங்கடத்துக்கு முந்திய பிரதி என்றே எனக்குப் படுகிறது. மார்க்கண்டேய புராணத்துக்குள் இருப்பது, பதின்மூன்று அத்தியாயம். அதில் தேவிக்குப் புருஷன் கிடையாது. சும்பன் பெண் கேட்டுத் தூது அனுப்புகிறான். என்னைச் சண்டையில் ஜெயிப்பவன்தான் எனக்குப் புருஷன் என்று சபதம் செய்திருக்கிறேன், வரச் சொல் என்கிறாள். சமாதானத்துக்குத் தூது போகிறவர் யார் தெரியுமா? சிவன். தேவியின் சக்தி அவரை அனுப்பிவைக்கிறாள். நெற்றியிலிருந்து கிளம்பும் காளி சண்டனையும் முண்டனையும் வெட்டுகிறாள். சொட்டும் ரத்தத் துளிக்கொரு அசுரன் முளைக்கிற ரக்தபீஜனின் ரத்தம் தரையில் விழாமல் வாயை விரித்துக் குடிக்கிறாள். யாரும் அவளிடம் போதும் என்று சொல்வதில்லை.

வங்காளத்தில் அந்த நாக்குக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். வெறியாட்டத்தில் தரையில் கிடந்த சிவனை மிதித்துவிட்டாள், புருஷன் மேல் கால்பட்ட வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விளக்கம். ரத்தம் குடித்த நாக்கு வெட்கத்தில் கடிபட்ட நாக்கானது. இங்கே வெட்கம் காலுக்கு வந்தது, அங்கே நாக்குக்கு. இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து பேசிக்கொண்டு செய்த வேலை இல்லை. ஆனாலும் ஒரே ஆயுதம்தான். சூலத்தால் முடியாததை நாணம் முடித்து வைக்கிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாலு சொல்லி வைத்தார்கள். தெய்வமானதும் மற்ற மூன்றும் உதிர்ந்துபோயின. காளிக்கு அச்சமென்று எந்தப் புராணிகனும் எழுதத் துணியவில்லை. நாணத்தை மட்டும் கழற்ற விடவில்லை.

மற்ற வழிகளும் உண்டு, சீக்கிரம் சொல்லிவிடலாம். திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் உக்கிரத்தை ஆதிசங்கரர் காதுத் தாடங்கத்தில் இறக்கிவைத்தார், எதிரே பிள்ளையாரை உட்காரவைத்தார் என்பார்கள். பிள்ளை எதிரில் இருந்தால் தாய் கோபப்படமாட்டாளாம். மதுரையில் தடாதகைக்கு மாப்பிள்ளையைப் பார்த்ததும் மூன்றாவது முலை மறைந்தது. குற்றாலத்தில் குற்றாலநாதர் கோயிலுக்குள்ளேயே தரணி பீடம் இருக்கிறது. அறுபத்துநாலு சக்தி பீடங்களில் ஒன்றாகச் சொல்வது. அயன், அரி, அரன் மூவரையும் பெற்றவள் என்று தலபுராணம் கொண்டாடுகிற பராசக்தி. அவள் உக்கிரம் தாங்காது என்று எதிரே காமகோடீசுவரர் என்ற லிங்கம் வைத்திருக்கிறார்கள். மூன்று பேரையும் பெற்றவளுக்கு எதிரே காவலுக்கு அந்த மூன்றில் ஒருவர்! இதில் இருக்கிற நகைச்சுவையை அர்ச்சகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. குற்றாலத்து அழகைப் பற்றி ரசிகமணி டி.கே.சி. காலத்திலிருந்து எத்தனையோ பேர் உருகியிருக்கிறார்கள். அருவி, சாரல், குறவஞ்சியின் சந்தம் எல்லாம் வந்தன. இந்தச் சன்னிதி முன்னால் நின்று கொஞ்சம் யோசித்த எழுத்து என் கண்ணில் படவில்லை. ரசனை மரபின் கண்ணுக்கு அருவியில் நனைந்த பெண்தான் தெரிவாள்போல.

*

இந்த நாண விவகாரம் தமிழில் எப்போது உள்ளே வந்தது? தேதி சொல்ல முடியாது. ஆனால் சிலப்பதிகாரத்தில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

முதலாவது வேட்டுவ வரியில். எயினர் ஊரில் சாலினிக்குத் தெய்வமேறுகிறது. கொற்றவையைப் பாடும் அந்த இடத்தில், களைத்து ஒதுங்கியிருக்கும் கண்ணகியைப் பார்த்து அவள் கொங்குக்கும் குடமலைக்கும் தமிழுக்கும் உரியவள் என்று பெரும்பட்டங்கள் சூட்டுகிறாள். கண்ணகி என்ன செய்கிறாள்? அறிவில்லாமல் சொல்கிறாள் இந்த மூதாட்டி என்று கூசி, கோவலன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நாணத்துக்கு இதைவிட நல்ல படம் வேண்டாம்.

இரண்டாவது மதுரை அரண்மனை வாசலில். வாயிலோன் பதறிப்போய் உள்ளே ஓடி வந்திருப்பவளைப் பற்றிச் சொல்லும்போது தனக்குத் தெரிந்த உக்கிரத் தெய்வங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, இவள் அவளில்லை, அவளில்லை என்கிறான். கொற்றவை இல்லை, பிடாரி இல்லை, காட்டை விரும்பும் காளி இல்லை, தாருகனைக் கிழித்தவளும் இல்லை. கணவனை இழந்தவள், கையில் ஒற்றைச் சிலம்பு. நம் இலக்கிய விமர்சகர்கள் இதை உவமை நயமாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். அவன் சொல்வது உவமை அல்ல, அறிக்கை. இது சாமி இல்லை மன்னா, மனுஷி; வழக்கோடு வந்திருக்கிறாள்.

அந்தப் பட்டியலில் இறைவனை ஆடச்செய்து கண்ட அணங்கும் வருகிறாள். ஆட்டத்தில் அவனிடம் தோற்றவள் என்ற பேச்சு அங்கே இல்லை. ஆடவைத்தவள் தோற்றவளாக ஆனது பிறகு எழுதிய பக்கம்.

வேட்டுவ வரியில் ஒளிந்துகொள்ளக் கண்ணகிக்கு ஒரு முதுகு இருந்தது. மதுரையில் அந்த முதுகை வெட்டிப்போட்டுவிட்டார்கள். முதுகு போனதோடு நாணமும் போயிற்று. நாணம் பெண்ணின் இயல்பு என்று இலக்கணம் சொல்கிறது. இளங்கோ எழுதிய வரிசையைப் பார்த்தால் அது முதுகு இருக்கிறவரைக்கும்தான். ஆனாலும் கண்ணகிக்கு நியாயம் கிடைத்த பிறகு மனுஷியாக இருக்கும் உரிமை கிடைக்கவில்லை. மலையேறித் தெய்வமானாள், சேரன் கல் எடுத்துக் கோயில் கட்டினான். உயிரோடு ஊருக்குத் திரும்பிப் போன கண்ணகியை எந்தத் தமிழனாலும் கற்பனை செய்ய முடிந்ததில்லை.

(செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரில் இருந்த ஊர், தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கணவாய் வழியே போய் வடக்கே திரும்பினால் கொடுங்கல்லூர். அங்கே பரணித் திருவிழாவில் பகவதியை நோக்கிப் பச்சைப் பச்சையான பாட்டுகளைப் பாடிக்கொண்டு ஜனங்கள் ஓடுவார்கள். அவளைக் கண்ணகி என்றும் சொல்வார்கள். அவளுக்குக் காது கூசுவதாக யாரும் சொல்லவில்லை. நாகரிகவான்களுக்குத்தான் கூசுகிறது.)

*

திரும்ப ஆலங்காட்டுக்கு வரவேண்டும். தென்காசித் தூணில் நிற்கும் கதைக்கு மூல ஊர் அதுதான். சிவன் ஆடும் ஐந்து சபைகளில் அது ரத்தின சபை, நம் குற்றாலம் சித்திர சபை. இங்கே நடராஜர் செம்பாக இல்லாமல் ஓவியமாக இருக்கிறார்.

அந்த ஒரே ஊரில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஆடித் தோற்ற காளி ஒருத்தி. ஆடும் காலுக்குக் கீழே உட்கார்ந்து பாடுகிற காரைக்காலம்மையார் ஒருத்தி. இந்த அம்மாள் செய்தது சாமானியமான காரியமல்ல. கணவன் இவளைத் தெய்வம் என்று பயந்து ஓடி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். உனக்காகச் சுமந்த இந்தச் சதை இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். நாணம் குடியிருக்கும் இடம் உடம்பு. உடம்பையே கழற்றிப் போட்டுவிட்டால் நாணத்தை எங்கே கொண்டு வைப்பீர்கள்? காளியிடம் பலித்த ஆயுதம் இவளிடம் பலிக்காது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. உடம்பில்லாதவளாகத்தான் சபையில் உட்கார இடம் கிடைத்தது.

மூன்றாமவள் பக்கத்துப் பழையனூர்க்காரி. நீலி. நம் நெல்லைச் சீமையில் இசக்கியாக நிற்பவள்.

கதை ஊருக்கு ஊர் வில்லுக்கு வில் மாறும். நடுவில் மாறாத எலும்பு இது: நகைக்காகவோ வேறெதற்காகவோ ஒருவன் தன்னை நம்பி வந்த பெண்ணைக் காட்டில் கொல்கிறான். சாட்சிக்கு ஒரு கள்ளிச் செடி. மறுபிறவியில் அவள் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர்ச் சபைக்குப் போகிறாள். இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுட்டு ஓடுகிறார் என்று அழுகிறாள். அவன் ஐயோ இது பேய் என்கிறான். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. வேளாளர் எழுபது பேர், நீ இவளோடு இரு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அனுப்பிவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் குடல் சரிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையை முதலில் எழுத்தில் தொட்டவர்களில் ஒருவர் சம்பந்தர். ஏழாம் நூற்றாண்டு ஆலங்காட்டுப் பதிகத்தில் ஒருத்தி வஞ்சம் செய்து உயிர் குடித்த செய்தியைக் குறிப்பிடுகிறார். வஞ்சம் அவளுடையது. முந்திய பிறவியில் நடந்த கொலை அங்கே இல்லை. எழுபது பேரின் வாய்மை பிற்பாடு புராணமாயிற்று. அவளுக்கு மொழியில் கிடைத்தது என்ன? நீலிக் கண்ணீர். பொய்யழுகைக்குத் தமிழில் அதுதான் பெயர். இன்றைக்கும் வழக்குப் போடும் மனைவியைப் பார்த்து, காவல் நிலையப் பெஞ்சில் அழுகிற பெண்ணைப் பார்த்து நாம் எடுத்து வீசுகிற சொல். கொலையுண்டவளின் கண்ணீரையே பொய்க்கு உவமையாக்கி வைத்திருக்கிற மொழியில்தான் நாம் பெண்ணியம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அவள் சொன்னது பொய்தான். பிள்ளை கள்ளிக்கொப்புதான். இவன் என்னைக் கொன்றவன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் சபை கேட்டிருக்குமா? செத்தவளுக்குச் சபையில் வாய் கிடையாது. பெண்டாட்டி என்று சொன்னால், இடுப்பில் பிள்ளையோடு வந்தால், அழுதால் சபை நம்பும். சபை நம்புகிற ஒரே உருவத்தைச் செய்துகொண்டு போனாள். சபைக்கு உண்மை தேவைப்படவில்லை, ஒழுங்கான குடும்பம் தேவைப்பட்டது. நாணத்தை அவள் வேஷமாகக் கட்டிக்கொண்டு ஜெயித்தாள். காளி தோற்ற அதே ஊர்ப்பக்கம், அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்து.

சமணர்கள் இவளை வேறு மாதிரிக் கையாண்டார்கள். நீலகேசியில் காளி கோயில் பலியை முனிசந்திரர் என்ற முனிவர் தடுக்கிறார். அவரை விரட்டத் தெற்கேயிருந்து பழையனூர் நீலியை வரவழைக்கிறார்கள். பயமுறுத்திப் பார்க்கிறாள், மயக்கிப் பார்க்கிறாள், நடக்கவில்லை. கடைசியில் அவருக்கு மாணவியாகி நாடெல்லாம் போய்ப் பௌத்தரோடும் ஆசீவகரோடும் வேதவாதியோடும் தர்க்கம் செய்து ஜெயிக்கிறாள். அங்கேயும் ஓர் ஆணின் அசையாமைக்கு முன்னால்தான் அவள் உக்கிரம் இறங்குகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இறங்கிய உக்கிரம் வெட்கமாகாமல் வாதமாக மாறியது. தமிழில் ஒரு பேய்ச்சிக்குத் தத்துவம் பேச வாய் கொடுத்த பிரதி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதை நாம் யாரும் படிப்பதில்லை.

இசக்கி என்ற பெயரே இயக்கி, அதாவது யட்சி. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டு வருவது மதுரைக்கு வெளியே இருந்த இயக்கிக்கு. தென்காசியிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் போனால் கழுகுமலைப் பாறையில் அம்பிகா யட்சி சிங்கத்தோடும் பிள்ளையோடும் நிற்கிறாள். துறவிக்குச் சோறு போட்டதற்காகப் புருஷன் வீட்டைவிட்டு விரட்டி, செத்து யட்சியானவள் என்று சமணர் கதை. பிள்ளையைச் சுமந்த யட்சிக்கும் பிள்ளையை வாயில் கவ்விய இசக்கிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை வழக்காற்றியல்காரர்கள் சொல்லட்டும். என் கவனம் வேறு. அம்பிகா, நீலி, கண்ணகி மூவருக்கும் நுழைவுச் சீட்டு ஒன்றுதான். முதலில் அநியாயம் நடக்கவேண்டும், பிறகு சாகவேண்டும் அல்லது ஊரைவிட்டுப் போகவேண்டும். உக்கிரம் கொள்வதற்கு உரிமை அதன் பிறகே.

*

வாய்பாட்டின் மேல் எனக்குள்ள பிணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அடங்காத அம்மன்களை இப்போது அடக்கிவருகிறார்கள் என்பது உண்மை, கண்ணால் பார்க்கிறோம். மண் பீடமாக இருந்த இடத்தில் கருங்கல், வளைவில் 'அருள்மிகு ஸ்ரீ' என்ற ஒட்டு, கும்பாபிஷேகம், எட்டுத் திசையும் கேட்க ஒலிநாடாச் சுப்ரபாதம். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இருந்த இடத்தில் இன்னிசைக் கச்சேரி. 2003 ஆகஸ்டில் தமிழக அரசு 1950ஆம் வருஷத்து உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தபோது கொடைகளில் போலீஸ் வந்து நின்றது. எதிர்ப்பு வலுத்து, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் நம்மில் பலர் சரியான பக்கம் நின்றோம். நீலகேசியை வாசித்திருந்தால் இந்தச் சண்டை எவ்வளவு பழையது என்றும் தெரிந்திருக்கும். அங்கே முனிவர் உயிருக்குப் பதில் மண்ணுருவம் போதும் என்கிறார். இங்கே வெள்ளைப் பூசணி.

ஆனால் கிடாயைக் காப்பாற்றிய நாம் கிடாய் யாருக்கு, எந்தக் கணக்கில் வெட்டப்படுகிறது என்று கேட்கவில்லை. கொடை என்பது கடன் தீர்ப்பு. செய்த பாவத்துக்கு வருஷாவருஷம் கட்டும் வட்டி. கொன்றவனின் வம்சமே கும்பிடுகிறது. அவளும் வட்டியை வாங்கிக்கொண்டு வம்சத்தைக் காக்கிறாள். முதல் அப்படியே நிற்கிறது. இதை எதிர்ப்பின் பிரதி என்று நாம் வாசித்தோம். பஞ்சாயத்துப் பேசி முடித்த சமரசத்தின் பிரதி என்றும் வாசிக்கலாம். நாணத்தால் அடக்குவது கோயில் வழி. கும்பிட்டு அடக்குவது ஊர் வழி.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கன்னி உண்டு. நெல்லைப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருப்பதுதான்: ஓலைப்பெட்டிக்குள் ஒரு சேலை, கண்ணாடி வளையல், பொட்டு. வருஷம் ஒருநாள் பெட்டியை இறக்கிப் பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். என் தாத்தாவின் தங்கை. கல்யாணமாகாமல் கிணற்றில் தவறி விழுந்து செத்தவள் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். தாத்தா சாகிறவரைக்கும் வேறு யாரையும் அந்த விளக்கை ஏற்ற விட்டதில்லை. அவ்வளவு பாசம் என்று நினைத்திருந்தேன்.

அத்தைக்குச் சாமி வரும். முப்பது வயதிருக்கும்போது ஒரு படைப்பில் வந்த சாமி வழக்கம்போல் விபூதி கொடுக்காமல், வரிசையாக நின்ற ஆம்பிளைகளைப் பார்த்து, "என்னய எந்தத் தண்ணியில போட்டிய? யாரு போட்டிய?" என்று கேட்டதாம். தாத்தா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரோ ஓடிவந்து அத்தையின் நெற்றியில் விபூதியை அப்பி, வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். கேள்விக்குப் பதில் விபூதி. அடுத்த வருஷம் வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து சடங்கு நடத்தி, பெட்டிக்கு மேலே ராஜராஜேசுவரி படம் ஒன்றை மாட்டினார்கள். இனிமேல் கன்னி சாந்தமாகிவிட்டாள், யார் மேலும் வரமாட்டாள் என்றார்களாம். அப்புறம் வரவில்லை.

ஆகவே என் கட்சியைக்கூட முழுசாக நான் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. சாமியாக வந்ததால்தான் அந்தக் கேள்வி ஒரு தடவையாவது கேட்கப்பட்டது. அத்தையாக அவள் கேட்டிருந்தால் கன்னத்தில் விழுந்திருக்கும். சாமியாகக் கேட்டதால்தான் பதில் சொல்லாமல் தப்பவும் அவர்களுக்கு முடிந்தது. சாமி கேட்டால் காலில் விழலாம். மனுஷி கேட்டால் பதில் சொல்லவேண்டும்.

மனுஷியாக நின்று கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது உடன் வெட்டுப்பட்ட கௌசல்யா உயிர் பிழைத்து, சொந்தப் பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்தப் பெண் உடுத்தியது, முடிவெட்டிக்கொண்டது, மறுமணம் செய்தது எல்லாவற்றையும் தமிழ்ச் சமூகம் எப்படிப் பேசியது என்று யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அன்றைக்கு அவரும் செத்திருந்தால் இரண்டு தலைமுறை கழித்துக் கொன்ற சாதிக்காரர்களே பீடம் எழுப்பிக் கொடை நடத்தியிருப்பார்கள். நம்மில் ஒருவர் அதைப் பற்றி எதிர்ப்பின் குறியீடு என்று கட்டுரை எழுதியிருப்போம்.

*

தென்காசி மண்டபத்தில் அன்றைக்கு அத்தையிடம் பதில் சொல்ல முடியாமல், தோற்றாலும் அவளும் சாமிதானே அத்தை என்று மழுப்பினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். வெளியே சாரல் வலுத்துவிட்டது, உடனே கிளம்பவும் முடியாது.

"அவளுக்குக் காலத் தூக்கத் தெரியாமலா இருந்திருக்கும்? சீல வெலகிரும்னு நின்னுருக்கா" என்றாள்.

ஆமாம் என்றேன். கதையே அதுதானே.

"எங்க அத்த மெதக்கும்போது மேல சீல இல்ல. எனக்கு அப்ப ஆறு வயசு. எங்கப்பாதான் எறங்கித் தூக்குனாவ, வேற ஆரையும் எறங்கவிடல. தோள்ல கெடந்த துண்ட எடுத்து மூடுனாவ." கொஞ்சநேரம் மழையைப் பார்த்தாள். "பொட்டில வருஷத்துக்கு ஒரு சீல வக்கிறமே, எதுக்குன்னு நெனச்ச?"

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது இந்த வருஷப் படைப்புக்குப் புதுச்சேலை எடுக்கவேண்டியது யார் முறை என்று விசாரித்தாள். என் முறைதான் என்றேன்.